மழையில் தீவு விடுமுறை: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. வெப்பமண்டலத் தீவொன்றுக்கு விடுமுறையில் செல்ல ஏற்பாடு செய்துவிட்டு மழையை நினைத்துக் கலங்குகிறவர்களும், போன இடத்தில் அடைமழையில் சிக்கித் திரும்பியவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: திருமண நாளை ஒட்டி நானும் கணவரும் அடுத்த வாரம் ஒரு தீவுக்குச் செல்வதாக இருக்கிறோம். கைப்பேசியில் வானிலையைப் பார்த்தால் ஏழு நாட்களுக்கும் இடியும் மழையும் உள்ள படமே வருகிறது. மழைக்கான வாய்ப்பு 80 சதவீதம் என்றும் காட்டுகிறது. முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று ரத்து செய்துவிடலாமா?

பதில்: அந்தப் படத்தை மட்டும் நம்பி ரத்து செய்ய வேண்டாம். 80 சதவீதம் என்றால் நாளின் பெரும்பகுதி மழையில் கழியும் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் அந்த இடத்தில் அளந்து சொல்லும்படியாகக் கொஞ்சமாவது மழை பெய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கால் மில்லிமீட்டர் தூறலும் அந்தக் கணக்கில் சேரும், பாதையை மூழ்கடிக்கும் பெருமழையும் அதே கணக்கில் சேரும். எவ்வளவு நேரம் பெய்யும், எப்போது விடும் என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகள் பலவும் உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரிகளிலிருந்து தகவலை எடுக்கின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 10 முதல் 25 கிலோமீட்டர் வரை இருக்கும். சிறிய தீவு ஒன்று அந்தக் கணக்கில் கடலாகவே கொள்ளப்பட்டுவிடலாம். மலையுள்ள தீவாக இருந்தால், நனைந்துகொண்டிருக்கும் கரையும் வெயில் காயும் கரையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். அப்படிப்பட்ட இடத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்பே காட்டப்படும் இடிமேகப் படத்துக்கு, "இது மழைக்காலம்" என்ற செய்திக்கு மேல் மதிப்பில்லை.

வெப்பமண்டலத்தில் மழை பெய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் கவலை பாதியாகக் குறையும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நாற்புறமிருந்தும் கடற்காற்று உள்ளே வருகிறது. தீவின் நடுவில் ஒன்றோடொன்று மோதி மேலெழுகிறது. பிற்பகலில் இடிமேகமாகத் திரண்டு கொட்டித் தீர்த்துவிட்டு, பெரும்பாலும் அந்திக்குள் வெளுத்துவிடுகிறது. திறந்த கடலில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே இரவிலும் விடியற்காலையிலும்தான் மழை மிகுதி. ஆகவே மலையுள்ள பெரிய தீவுக்குப் போகிறீர்கள் என்றால் வெளியில் சுற்றுவதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சிறு பவளத் தீவாக இருந்தால், விடியும்போது பெய்யும் மழையைப் பார்த்துவிட்டு அன்றைய பொழுதே போயிற்று என்று முடிவு கட்ட வேண்டாம்.

மழைப் படத்துக்குப் பதிலாகக் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. தீவு விடுமுறையைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான். காற்றில்லாத மழையில் படகு போகும், நீந்தலாம், நடக்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும் காற்று நாள் முழுதும் நின்று வீசினால், வானம் பளிச்சென்று இருந்தாலும் சிறு படகுகள் கரையைவிட்டு நகராது. அந்த நாட்டு வானிலை ஆய்வு மையத்தின் கடல்சார் முன்னறிவிப்பைப் புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பிலிருந்து காலையும் மாலையும் பார்த்து வாருங்கள்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் தயங்காமல் ரத்து செய்யுங்கள், அல்லது தேதியைத் தள்ளிப்போடுங்கள். அந்தக் கடற்பகுதியில் புயல் உருவாகி, தீவை நோக்கி வரக்கூடும் என்று அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்துவிட்டால், முன்பணத்தைக் கணக்குப் பார்க்கும் வேளை அது அல்ல.

கேள்வி: நாங்கள் சென்ற தீவில் ஒரு வாரம் முழுவதும் மழை விடவே இல்லை. அதே மாதத்தில், அதே நாட்டின் இன்னொரு கரைக்குப் போன நண்பர் குடும்பம் வெயிலில் கறுத்துத் திரும்பியது. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்குண்டு, ஆனால் பெரும்பங்கு காற்றுக்கும் மலைக்கும் உரியது. ஈரக்காற்று மலையில் மோதும் பக்கம் மேலேறிக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது அதே காற்று வறண்டுவிடுகிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயின் நடுவிலுள்ள வையலேயலே மலை, ஆண்டுக்குச் சராசரியாக 10,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெறும் இடம். அங்கிருந்து மேற்கே 25 கிலோமீட்டர் அளவில் உள்ள கடற்கரையில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. வாடகைக் காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டினால் காட்டிலிருந்து பொட்டல் வெளிக்கு வந்துவிடலாம். ஆகவே அந்தத் தீவில் எந்தக் கரையில் அறை எடுக்கிறோம் என்பது, எந்த மாதத்தில் போகிறோம் என்பதைவிடப் பெரிய முடிவு.

பருவக்காற்று வீசும் நாடுகளில் இந்த மாற்றம் மாதத்தோடு சேர்ந்து நடக்கிறது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் கொந்தளிக்கும் கடலும் இருக்க, அதே நாட்களில் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் கடல் குளம்போல் கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகிவிடும். தாய்லாந்திலும் இப்படித்தான். மேற்கே அந்தமான் கடலில் உள்ள புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் தள்ளித் தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமுயியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை, அதிலும் நவம்பரில் மிக அதிகம். உங்கள் நண்பர் குடும்பம் இப்படியொரு கரை மாற்றத்தால் பயனடைந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

மாலத்தீவுபோல மலையே இல்லாத இடத்தில் இந்தச் சலுகை கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உள்ள மணல் திட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று மழையில் வேறுபாடு வராது. ஆனால் காற்றில் வரும். காற்று மோதும் பக்கத்தில் அலை இரைந்துகொண்டிருக்கும்போது, இருநூறு அடி தள்ளி எதிர்ப்பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீர் அசையாமல் நிற்கும். தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போதே, அந்த மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும், கொடுக்கப்போகும் அறை எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

ஒரு வாரம் விடாமல் பெய்ததற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். 1971-ல் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இரு அறிவியலாளர்கள் கண்டறிந்து எழுதிய அலைவு ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டி, பெரும் மேகக் கூட்டம் ஒன்று மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து, 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடலையும் மேற்குப் பசிபிக் கடலையும் கடந்து போகிறது. அது தலைக்கு மேல் நிற்கும் நாட்களில், வழக்கமாகப் பிற்பகலோடு விட்டுவிடும் மழை இரவும் பகலும் தொடர்ந்து, வாரக்கணக்கில் மூடாப்பாகவே இருக்கும். அது கடந்துபோன பிறகு, மழைக்காலத்தின் நடுவிலேயே தெளிந்த நாட்கள் வரும். வானிலை மையங்கள் இதன் நகர்வை இரண்டு வாரங்களுக்கு முன்பே ஓரளவு கணித்துச் சொல்கின்றன. தேதியை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கேள்வி: மழை விட்டதும் குழந்தைகள் கடலுக்கும் அருவிக்கும் போக வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். தண்ணீரும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. விடலாமா?

பதில்: இந்தக் கேள்விக்கு எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். மழையில் நனைவதால் வரும் கேடு சொற்பம். மழை விட்ட பிறகு தண்ணீரில் இறங்குவதில்தான் உயிருக்கு ஆபத்து இருக்கிறது.

முதலில் அருவியையும் ஓடையையும் எடுத்துக்கொள்வோம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மேலே மலையில் பெய்த மழை ஓடை வழியாக இறங்கி வர அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகும், வரும்போது ஒரேயடியாக வரும். அதற்கு முன் சில அறிகுறிகள் தெரியும். பாறைக்கடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்குக் கலங்கும். சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வரத் தொடங்கும். சற்று முன் வெளியே தெரிந்த கல்லின் தலை மறையும். மேலிருந்து வரும் இரைச்சல் ஒரு சுருதி கூடும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் பையையும் தேடிக்கொண்டிராமல் குழந்தைகளோடு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஓடையின் மறுகரையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும்வரை அங்கேயே காத்திருங்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று குறுக்கே இறங்கியவர்களை அது அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மலையில் மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் அருவிக்குப் போகாமல் இருப்பதே என் தீர்ப்பு, எந்த வழிகாட்டி அழைத்தாலும்.

கடலைப் பொறுத்தவரை, கனமழைக்குப் பின் ஆற்று முகத்துவாரத்தையும் வடிகால் வாய்களையும் ஒட்டிய நீர் பழுப்பாக இருக்கும். நிலத்திலிருந்த கழிவுகளையும் கிருமிகளையும் மழை அடித்துக்கொண்டு வந்து சேர்த்த நீர் அது. வயிற்றுப்போக்கு, தோல் புண், காது வலி ஆகியவை அதில் குளிப்பதால் வரும். வெள்ளத்தோடு கலந்த நன்னீரில் எலிக்காய்ச்சலுக்கான கிருமி இருக்கலாம். காலில் சிறு கீறல் இருந்தாலே அது உள்ளே நுழையப் போதும். நீர் தெளியும்வரை இரண்டு மூன்று நாட்கள் அந்தப் பக்கம் போகாமல், ஆறு கலக்காத வேறு கரையைத் தேடிக்கொள்ளுங்கள். கலங்கிய நீரில் சுறாக்கள் மனிதரை அடையாளம் காணாமல் கடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. கழிவும் கிருமியும் கலந்த இத்தகைய நீரில் இறங்க வேண்டாம் என்று ஹவாயில் பழுப்பு நீர் எச்சரிக்கை என்றே தனியாக அறிவிப்பு வெளியிடுகிறார்கள்.

அடுத்தது, கரையிலிருந்து ஆழத்துக்கு இழுக்கும் நீரோட்டம். புயலோ பலத்த காற்றோ தொலைவில் கடந்துபோன பிறகும் அலைகள் வந்துகொண்டே இருக்கும். வரிசையாக நுரைத்து உடையும் அலைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், குழந்தைகளுக்கு ஏற்ற இடம் என்று நினைத்துப் பெற்றோர் அங்கேதான் அழைத்துப் போகிறார்கள். நீர் திரும்பிக் கடலுக்குள் ஓடும் வழி பெரும்பாலும் அதுவே. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துவிடுவார். மிதந்தபடி கைகாட்டி உதவி கேட்க வேண்டும், அல்லது கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலகிய பிறகு கரை சேர வேண்டும். சிவப்புக் கொடி பறக்கும் நாளில் கணுக்கால் அளவுக்குக்கூட வேண்டாம். இடி கேட்டால் உடனே வெளியேறிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் ஆன பிறகே மறுபடி தண்ணீருக்கு வரலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, குழந்தைகளை அறையிலேயே அடைத்து வைக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இடியில்லாத மழையில், உயிர்காப்பாளர் இருக்கும் அமைதியான விரிகுடாவில் அவர்கள் தாராளமாக நனையட்டும். தோலில் பூசும் வெயில் காப்புக் களிம்பை மட்டும் மறக்காதீர்கள். மெல்லிய மேகத்தின் ஊடாக 80 சதவீதம் வரை புறஊதாக் கதிர்கள் இறங்கிவிடுகின்றன.

கேள்வி: கடலுக்கடியில் பவளப் பாறைகளைப் பார்ப்பதற்காகவே பயணத்தை ஏற்பாடு செய்தோம். மழைக்காலம் என்பதால் அது வீணாகிவிடுமா?

பதில்: பத்து மீட்டர் ஆழத்தில் இருப்பவருக்கு மேலே மழை பெய்வது நீர்ப்பரப்பில் விழும் புள்ளிகளாகத்தான் தெரியும். ஆறு கலக்கும் கரையில் மட்டும் நீர் கலங்கிப் பார்வை குறையும். சில இடங்களில் மழைக்காலமே உரிய காலம். மாலத்தீவின் பா பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிபாரு விரிகுடா என்று ஓர் இடம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் நவம்பர் வரையான மாதங்களில் நீரோட்டம் மிதவை உயிரிகளை அந்தக் குறுகிய விரிகுடாவுக்குள் கொண்டுவந்து குவிக்க, அவற்றை உண்ண மந்தா திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. 2011-ல் அப்பகுதியை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஹனிபாருவில் மூச்சுக்கலன் கட்டி மூழ்க அனுமதி இல்லை. மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்க்கலாம், நீச்சல் தெரிந்த எவருக்கும் அது போதும். வறண்ட மாதங்களில், கண்ணாடிபோலத் தெளிந்த நீரில் அங்கே போகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைப்பதில்லை.

கேள்வி: காற்று மழையால் படகு ஓடாமல் சிறு தீவில் இரண்டு நாள் அகப்பட்டுக்கொண்டோம், திரும்பும் விமானமும் தவறிவிட்டது. பயணக் காப்பீடு இருந்தும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த முறை எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த காப்பீட்டு விதிகளைப் படித்தேன். மழை பெய்தது என்பதற்காக எந்தப் பொதுவான பயணக் காப்பீடும் பணம் தராது. போக்குவரத்து இத்தனை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், இந்தக் காரணத்தால் தடைபட்டால் என்று எழுதியிருப்பதற்கு மட்டுமே தரும். உங்கள் விதிகளில் விமானத் தாமதம் இருக்கிறது, படகுத் தாமதம் இல்லை. அடுத்த முறை வாங்கும்போது அந்த வரியைத்தான் முதலில் தேட வேண்டும். புயலுக்குப் பெயர் சூட்டிய பிறகு எடுக்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குப் பொருந்தாது என்பதால், பயணச்சீட்டு எடுத்த அன்றே காப்பீட்டையும் எடுத்துவிடுவது நல்லது. படகு நிறுத்தப்பட்டது என்று படகு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனதால்தான் பல கோரிக்கைகள் தள்ளுபடியாகின்றன. வானிலையால் விமானம் ரத்தானால் இழப்பீடு கிடைப்பது அரிது. ஆனால் கட்டணத்தைத் திரும்பப் பெறவோ மாற்று விமானத்தில் செல்லவோ பல நாடுகளின் விதிகள் உரிமை தருகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, மழைக்காலத்தில் கடைசி இரவைச் சிறு தீவில் கழிக்கத் திட்டமிடாதீர்கள். பன்னாட்டு விமானம் புறப்படும் தீவுக்கு முதல் நாளே வந்துவிடுங்கள். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. மாலை மங்கிய பின் வந்து சேர்ந்தவர் மறுநாள் காலைவரை காத்திருக்கத்தான் வேண்டும். படகோட்டி இன்று கடல் சரியில்லை என்று சொன்னால் அதற்கு மறுபேச்சு வேண்டாம். கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி அவரை இணங்க வைக்கும் பயணிகளைப் பற்றிக் கேள்விப்படும்போது மனம் பதைக்கிறது.

கேள்வி: பல ஆண்டுகள் சேமித்துப் போன விடுமுறை. முதல் மூன்று நாட்கள் மழை. பிள்ளைகள் சலித்துப்போனார்கள், எனக்கும் கணவருக்கும் தினமும் வாக்குவாதம். மறுபடி அப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது; சேமித்தவருக்குத்தான் ஒவ்வொரு நாளின் மதிப்பும் தெரியும். கடிதத்தில் ஒரு விவரம் கண்ணில் பட்டது. மூன்று நாளும் காலை பத்து மணிக்கு எழுந்து, சாளரத்தில் மழையைப் பார்த்து, இன்றும் போயிற்று என்று பேசத் தொடங்கியிருக்கிறீர்கள். மலைத் தீவுக்குத்தான் போயிருந்தீர்கள் என்பதால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்திருந்தால் இரண்டு மூன்று மணி நேரமாவது காய்ந்த கரை கிடைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்த முறை எல்லோரும் இரவு சீக்கிரம் படுத்து விடியும்போது வெளியே இருங்கள். பகல் தூக்கத்தை மழைக்கு விட்டுவிடுங்கள்.

வாக்குவாதத்துக்குப் பெரும்பாலும் காரணம், ஒவ்வொரு நாளுக்கும் முன்கூட்டியே ஒரு வேலையைக் கட்டிவைத்திருப்பதே. எந்த நாளில் எது என்று நிச்சயிக்காமல், கடல் அமைதியாக இருக்கும் முதல் நாளில் படகு, மூடாப்பாக இருக்கும் நாளில் காட்டு நடை, அடைமழை நாளில் அருங்காட்சியகம் அல்லது மீன் காட்சியகம் என்று கணவரோடு புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டால், காலையில் வானத்தைப் பார்த்ததும் முடிவு தானாக வந்துவிடும். அடை மழையிலும் வெளியே உட்கார ஏற்ற அகலமான தாழ்வாரம் உள்ள அறையை எடுங்கள். நான்கு பேர் ஒரு கட்டிலைச் சுற்றி மூன்று நாள் இருந்தால் எந்தக் குடும்பத்திலும் பேச்சு தடிக்கும்.

கொண்டுபோகும் பொருள்களிலும் கொஞ்சம் கவனம் தேவை. ஈரக் காற்றில் பருத்தியும் ஜீன்ஸும் இரண்டு நாளானாலும் காய்வதில்லை. விரைவில் உலரும் மெல்லிய துணிகளை எடுத்துச் செல்லுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படிந்து அரை மணி நேரம் படமே எடுக்க முடியாது. மூடிய பையிலேயே வைத்து வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் அந்தத் தொல்லை இல்லை. மழைக்குப் பின் பகலில் கடிக்கும் கொசுக்களால் டெங்கு வரக்கூடும் என்பதால், கொசு விரட்டிக் களிம்பைக் காலையிலேயே பூசுங்கள். ஊர் திரும்பி இரண்டு வாரங்களுக்குள் யாருக்கேனும் காய்ச்சல் வந்தால், ஆஸ்பிரினோ இபுபுரோஃபெனோ கொடுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எந்தத் தீவுக்குப் போனீர்கள், ஓடையிலோ அருவியிலோ குளித்தீர்களா என்பதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள்.